நாராயணம்மாவின் மிஸ்டு கால்

ராத்திரி ஊறப் போட்டிருந்த அவரைக்கொட்டையை ஒவ்வொன்றாகப் பிதுக்கி, பருப்பைக் கிண்ணத்திலும் தோலை முறத்திலுமாகத் தள்ளிக்கொண்டிருந்த நாராயணம்மா, கேட் படாரென்று சுவரில் மோதிய சத்தத்தில் நிமிர்ந்தாள். ஆனந்தராஜ். ஊத்தங்கரைக்காரர். மாடியில் தங்கி வேலைக்குப் போகிற யுவஸ்ரீயின் அப்பா. எப்போது வந்தாலும் ஒரு பை நிலக்கடலையாவது இல்லாமல் கேட்டைத் தொடாத மனிதர், இன்றைக்கு வெறுங்கையோடு நின்றார். சட்டையில் பொத்தான் ஒன்று மாறிப் போய் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"வாங்க தம்பி. என்னா, சொல்லாம கொள்ளாம? உக்காருங்க" என்று எழப் போனாள் நாராயணம்மா.

"எம்பொண்ணு எங்கக்கா?"

"எங்கன்னா? வேலைக்குப் போயிருக்குது. காலைல மொத ஷிப்டு. விடியறதுக்குள்ள கம்பெனி பஸ்சு வந்து ஏத்திக்கினு போச்சு."

"பொய் சொல்லாதீங்க. எந்த ஸ்டேஷன்ல வச்சிருக்காங்க? அத மட்டும் சொல்லுங்க, நா போய்க்கறன்."

நாராயணம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை. இந்த வீட்டுக்கு வந்தவர் தண்ணீர் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நான் என்ன பண்ணேன் இவருக்கு என்று சொம்போடு அப்படியே நின்றாள்.

இந்த இடத்தில் நாராயணம்மாவின் போனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. ஓசூரை அடுத்த பாகலூரில் அவளுடைய லேடீஸ் ஹாஸ்டல் தெரியாதவர்கள் இருக்கலாம், அவளுடைய மிஸ்டு கால் தெரியாதவர்கள் கிடையாது. கீழே அவளும் புருஷன் திம்மராயனும், மேலே கம்பெனிக்குப் போகிற பெண்கள். ஊத்தங்கரை, பாரூர் என்று பக்கத்து ஊர்ப் பெண்கள் சிலர்; சங்கரன்கோவில், கோவில்பட்டி என்று தெற்கத்திப் பெண்கள் பலர். எல்லா வீட்டுக்கும் சேதி சொல்கிற நம்பர் நாராயணம்மாவுடையதுதான். ஆனால் அவள் யாருக்கும் போன் பண்ணமாட்டாள். மிஸ்டு கால்தான். நம்பரை அழுத்துவாள், காதில் வைக்காமல் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொள்வாள், ஒரு ரிங் முழுசாகப் போய் இரண்டாவது ரிங் பாதி போகும்போது டக்கென்று கட் பண்ணிவிடுவாள். ஒன்றரை ரிங். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. நிமிஷத்துக்கு இவ்வளவு என்று காசு போன காலத்தில் பழகிய பழக்கம். இப்போது மாசத்துக்கு ஒரு தரம் ரீசார்ஜ் பண்ணிவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம் ஆன்ட்டி என்று பெண்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். "பெத்தவங்க அவங்க. அவங்கதான கூப்புடணும்? நா எடம் குடுத்தவ, ஞாபகப்படுத்துவேன், அவ்வளவுதான்" என்பாள். கஞ்சம் என்று கேலி செய்தால் கோபம் வராது. அது என்னமோ பட்டம் கொடுத்த மாதிரி தலையை ஆட்டிக்கொள்வாள்.

தெற்கத்திப் பெண் தமிழ்செல்விக்குக் குடல்வால் வெடிக்கப் பார்த்து, ஓசூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றுகொண்டு அவள் அம்மா வீரலட்சுமிக்கு நாராயணம்மா கொடுத்ததுகூட மிஸ்டு கால்தான். திரும்பக் கூப்பிட லேட்டானதற்கு வீரலட்சுமிக்குத் திட்டும் விழுந்தது. ஆனால் வீரலட்சுமி பஸ் ஏறி வந்து சேரும்வரை பெட் பக்கத்தைவிட்டு நகராமல், கஞ்சி ஊட்டி, மூத்திரப் பையை மாற்றிக்கொண்டிருந்ததும் அந்தக் கஞ்சப் பிசினாறிதான்.

இந்த மிஸ்டு காலை முறியடித்த ஒரே ஆள் ஆனந்தராஜ். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் போனை உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 'நாராயணக்கா' என்று பெயர் வெளிச்சம் அடித்ததும், முதல் ரிங் முடிவதற்குள் பச்சையை அமுக்கிவிடுவார். "மாட்டுனீங்களாக்கா?" என்று சிரிப்பார். அவளுக்கு அன்றைக்கு முழுக்க வயிறு எரியும். "அந்த ஊத்தங்கரையானுக்கு வேற பொழப்பே இல்லயா" என்று கறிவேப்பிலை உருவும்போதுகூட முனகிக்கொண்டிருப்பாள். இருவருக்கும் அது ஒரு விளையாட்டு. இரண்டு வருஷமாக ஓடுகிற விளையாட்டு.

அந்த ஆனந்தராஜ்தான் இப்போது தண்ணீர் வேண்டாம் என்று வாசற்படியில் நிற்கிறார்.

"காலைல மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுட்டு இருந்தன். போன் அடிச்சுது. நாராயணக்கான்னு உங்க பேரு. இன்னிக்கு ஞாயித்துக்கெழம இல்லியே, என்னாத்துக்குக் கூப்புடறாங்கன்னு நெனச்சாலும் பழக்க தோசம், டக்குனு எடுத்துட்டன். மாட்டுனீங்களாக்கான்னு கேட்டன்." காதைத் தொட்டுக் காட்டினார். "எவனோ ஒருத்தன் பேசறான். மாட்டுனது அவங்க இல்ல, உன் பொண்ணுதான்னு சொல்றான்."

கம்பெனியிலிருந்து சாமான் திருடிக்கொண்டு வெளியே வந்தபோது யுவஸ்ரீயைப் பிடித்துவிட்டார்களாம். போலீஸாம். ஹாஸ்டல்காரம்மா போனிலிருந்துதான் பேசுகிறோம் என்றானாம். கேஸ் போட்டால் பேப்பரில் போட்டோ வரும், கல்யாணம் ஆகாது, பணம் கட்டினால் எழுதாமல் விட்டுவிடுகிறோம் என்றானாம். போனை வைக்கக்கூடாது, யாரிடமும் மூச்சுவிடக்கூடாது, விட்டால் பெண்ணை உள்ளே தள்ளிவிடுவோம் என்று மிரட்டினானாம். இவர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பையனை ஜாடையில் கூப்பிட்டு, பாங்கில் கிடந்ததை அந்தப் போலீஸ் சொன்ன நம்பருக்கு அனுப்ப வைத்தாராம். பத்தாது என்றானாம். சார்ஜ் தீர்ந்து போன் செத்துப்போனதும், வீட்டில் மட்டும் சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிக் கிருஷ்ணகிரி, ஓசூர் என்று மாறி மாறி வந்திருக்கிறார். வழியெல்லாம் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

"தம்பி, நா யாருக்கும் போன் குடுக்கல. போன் என் இடுப்பத் தாண்டி எங்கயும் போகல. இதோ பாருங்க." நாராயணம்மா சொம்பைத் தரையில் வைத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்துக் காட்டினாள்.

"உங்க நம்பருக்கா! உங்க பேரு வந்துச்சு! நா என்னா குருடனா? எவன்கிட்டக் குடுத்தீங்க? உங்களுக்குத் தெரியாம உங்க நம்பர்ல எப்பிடிப் பேசுவான்?" ஆனந்தராஜின் சத்தம் தெருவுக்குக் கேட்டது. எதிர்வீட்டு மங்கம்மா துணி காயப்போடுகிற சாக்கில் மாடியில் வந்து நின்றாள். "உங்கள நம்பித்தானக்கா வயசுப் பொண்ண விட்டன். சொந்தக்காரங்க எல்லாம் வேண்டாம்னாங்க. நாராயணக்கா இருக்காங்கன்னு சொல்லி அனுப்புனன்."

திருடி என்று நேரடியாகச் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. யுவஸ்ரீ பஸ்ஸைவிட்டு இறங்கினால் போலீஸ் கதை பொய் என்று தெரிந்துவிடும், அது பெரிய விஷயமில்லை. ஆனால் பணம் கேட்டவன் இவள் நம்பரில் கேட்டிருக்கிறான். இவளுக்கும் பங்கு இருக்கிறது என்று இந்த மனிதன் நினைத்துக்கொண்டு போய்விட்டால், நாளைக்கு ஊத்தங்கரை முழுக்க அதுதான் பேச்சு. அதற்கு மறுநாள் தெற்கே போகும். ஒருத்தர் பின்னால் ஒருத்தராகப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அறை காலியாவதைப் பற்றிக்கூட அவளுக்குக் கவலையில்லை. 'நாராயணக்கா இருக்காங்க' என்ற அந்தப் பேச்சு போய்விடும். அதைச் சம்பாதிக்கத்தானே இத்தனை வருஷம்! அழக்கூடாது, அழுதால் உண்மையென்று ஆகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

குடைமிளகாய்த் தோட்டத்திலிருந்து சாப்பாட்டுக்கு வந்த திம்மராயன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். அவர் எதற்கும் பதறாத ஆள், அதுவே சில சமயம் எரிச்சலாக இருக்கும். "விடு நாராயணி. இந்த நம்பரே வேணாம். நாளைக்கே போய் வேற சிம் வாங்கிக்கலாம்" என்றார்.

"எதுக்கு மாத்தணும்? நா என்னாத்தத் திருடுனேன்?" என்று அவர்மேல் பாய்ந்தாள். "கேட்ல பெயிண்டுல எழுதியிருக்குது. அத்தன பேரு வூட்லயும் இந்த நம்பர்தான் இருக்குது. எவனோ என் பேர எடுத்துக்கினா நா பேர வுட்டுட்டு ஓடணுமா? இன்னா பேச்சு பேசற?"

சத்தம் கேட்டு மாடியிலிருந்து தமிழ்செல்வி இறங்கி வந்தாள். ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவள். கண் பாதிதான் திறந்திருந்தது. இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டு, "மாமா, ஆன்ட்டி போன்ல இருந்து வரல அது. நம்பரு மட்டும் அவங்களோடது மாதிரி காட்டும்" என்றாள். "கவர்ல அனுப்புநர்னு யார் பேர வேணாலும் எழுதலாம்லா? எழுதிட்டா அவங்க அனுப்புனதா ஆயிருமா? அது மாதிரி. கம்ப்யூட்டர வச்சுப் பண்ணுதானுவ."

"அவங்க வூட்ல இருந்துக்கினு நீ அவங்களத்தான் பேசுவ" என்றார் ஆனந்தராஜ். "அப்பிடின்னா எம்பொண்ணு பேரு, இவங்க பேரு, நா அப்பங்கறது, எல்லாம் அவனுக்கு எப்பிடித் தெரியும்?"

தமிழ்செல்வி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தாள். வேலைக்குச் சேரும்போது எத்தனை இடத்தில் பெயரையும் நம்பரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், எது எங்கே போனதோ. முறத்தில் அவரைத்தோல்மேல் ஈ மொய்த்தது. யுவஸ்ரீயைக் கூப்பிடலாமென்றால், ஷிப்ட் முடிகிறவரை போன் லாக்கரில்தான் இருக்கும். பஸ் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அப்போதுதான் நாராயணம்மாவின் போன் அடித்தது. எல்லோரும் திடுக்கிட்டார்கள். வீரலட்சுமி. தமிழ்செல்வியின் அம்மா.

நாராயணம்மா எடுத்ததும், கையெல்லாம் அவரைப் பிசுக்காக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்ன மதினி, ஒங்களுக்கு என்ன ஆச்சு? மேலுக்குச் சொகமில்லையா?" வீரலட்சுமியின் குரல் கணீரென்று வந்தது. பின்னால் தீப்பெட்டி ஆபீஸ் சத்தம். "முழு ரிங்கும் விடுதிய! நான் பாத்துக்கிட்டே இருக்கேன், ஒண்ணு போச்சு, ரெண்டு போச்சு, நிப்பாட்டுவியன்னு பாத்தா அது பாட்டுக்கு அடிச்சுக்கிட்டே கெடக்கு. கொடல்வால் ஆபரேசனுக்கே ஒண்ணர ரிங்கு விட்ட மனுசி! இது எங்க மதினி இல்லையே, எவனோல்லான்னு கட் பண்ணிட்டு, எப்பயும் போல நானே கூப்புடுதேன்."

"வதினா, நா கூப்புடவே இல்ல" என்றாள் நாராயணம்மா மெதுவாக. வீரலட்சுமிக்கு அவள் மதினி. அவளுக்கு வீரலட்சுமி, வீட்டில் பேசுகிற தெலுங்கில் வதினா. ஆஸ்பத்திரியில் ஒரே பாயில் படுத்துக்கிடந்த நாளிலிருந்து அப்படித்தான்.

"கூப்புடலையா? ஒங்க பேருல்லா வந்துச்சு? பொறுங்க, பொறுங்க..." வீரலட்சுமி நிறுத்தினாள். பிறகு குரலை அடக்கிக்கொண்டு சொன்னாள். "மதினி, நீங்க எங்கூடப் பேசிக்கிட்டுத்தான இருக்கிய?"

"ஆமா வதினா."

"அப்பம் இப்ப இன்னொரு லைன்ல என்னைக் கூப்புடுதது யாரு? மதினின்னு ஒங்க பேரு வருது! நீங்க ஒருத்தி பேசிக்கிட்டு இருக்கும்போதே இன்னொரு மதினி கூப்புடுதா!"

ஆனந்தராஜ் நின்ற இடத்தைவிட்டு ஓரடி உள்ளே வந்தார். நாராயணம்மாவின் கையிலிருந்த போனையே பார்த்தார். அது அவர் கண் முன்னால் இருக்கிறது. வீரலட்சுமியோடு பேசிக்கொண்டிருக்கிறது. அந்த நம்பர்தான் அங்கே இன்னொரு தரம் அடித்துக்கொண்டிருக்கிறது.

"எம்மா, எடுக்காத!" என்று கத்தினாள் தமிழ்செல்வி. "காசு கேப்பான்!"

"ஏளா, நீ சும்மா கெட. என்ட்ட எவன் காசு வாங்குவான்?" என்றாள் வீரலட்சுமி. "மதினி, வாயத் தொறக்காம இருங்க. நான் சேத்து விடுதேன்." ஞாயிற்றுக்கிழமைதோறும் திருப்பூரில் இருக்கிற மூத்தவளையும் இங்கே இருக்கிற இளையவளையும் ஒரே லைனில் சேர்த்து வைத்து இரண்டு பேரையும் ஒரே மூச்சில் திட்டிப் பழகிய கை அது. என்னவோ இரண்டு அமுக்கு அமுக்கினாள். பிறகு ஒரு ஆண் குரல்.

"ஹலோ, தமிழ்செல்வியோட அம்மாதானே பேசறது? நாங்க போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து பேசறோம்."

ஆனந்தராஜின் வாய் திறந்து கிடந்தது. அதே குரல்தான். காலையிலிருந்து சார்ஜ் தீருகிறவரை காதுக்குள் ஓடிய குரல். நாராயணம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார், இவன்தான், இவனேதான்.

"ஐயோ, சொல்லுங்க சார், என்ன ஆச்சு சார்?" என்றாள் வீரலட்சுமி. என்ன நடிப்பு! கண்ணீர்கூட விட்டிருப்பாள்போல.

"உங்க பொண்ணு கம்பெனிப் பொருளத் திருடி மாட்டியிருக்கு. இப்ப எங்க கஸ்டடியில இருக்கு." கஸ்டடியில் இருக்கிற தமிழ்செல்வி, நைட்டியோடு, பாதித் தூக்கத்தில், வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "ஹாஸ்டல் ஓனர் நாராயணம்மாவும் இங்கதான் இருக்கு. அந்தம்மா போன்லேர்ந்துதான் பேசறேன். நம்பரைப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன் சார். பேரு வந்துச்சு சார். அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்தை குடுங்க சார், பெரிய மனசு பண்ணுங்க சார்."

"அவங்க பேசற நிலைமையில இல்ல. அழுதுக்கிட்டு இருக்காங்க."

அழுகையாம். அவ்வளவு நேரம் பல்லைக் கடித்து அடக்கி வைத்ததெல்லாம் நாராயணம்மாவுக்கு ஒரேயடியாக உடைத்துக்கொண்டு வந்தது. போனை வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"யார்ரா அழறது? ஏண்டா, யார்ரா அழறது? நாராயணம்மா பேசறன்டா! என் வூட்ல, என் வாசல்ல, என் போன்ல பேசறன்! நீ எந்த நாராயணம்மாவடா புடிச்சு வச்சிருக்க? அழறவளக் காட்டு பாக்கலாம்!"

அவளுக்கு அது போதவில்லை. தமிழில் பாதிதான் தீர்ந்திருந்தது. அவன் எந்த ஊர்க்காரனோ, எந்தப் பாஷை உறைக்குமோ, எதற்கும் இருக்கட்டும் என்று கன்னடத்துக்குத் தாவி, "யாரோ நீனு? மானா மரியாதெ இல்வா நினகெ?" என்று ஒரு பாட்டம் முடித்து, தெலுங்கில் அவனுடைய பாட்டன் பூட்டன்வரை விசாரிக்க ஆரம்பித்தாள். எல்லையோர ஊரில் பிறந்து வளர்ந்ததற்கு இப்படி ஒரு பிரயோஜனம் உண்டு. மூன்று பாஷையிலும் காய்கறி வாங்கத் தெரிகிறவர்கள் உண்டு. மூன்று பாஷையிலும் திட்டத் தெரிந்தவள் நாராயணம்மா. எதிர்மாடியில் மங்கம்மா துணியை விட்டுவிட்டுக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். திம்மராயன், கல்யாணம் ஆன நாளிலிருந்து அதையெல்லாம் வாங்கிக்கொண்டவர், இன்றைக்கு அது வேறொருவன்மேல் விழுவதைக் கண்குளிரப் பார்த்தார். அவன் எந்த இடத்தில் கட் பண்ணிக்கொண்டு ஓடினான் என்று யாருக்கும் தெரியாது.

"மதினி, போதும், அவன் எப்பயோ போயிட்டான்" என்று வீரலட்சுமிதான் நிறுத்தினாள். "ஆனா நல்லா இருந்துச்சு. இங்க எல்லாரும் வேலைய விட்டுட்டுக் கேட்டாக. எங்க மதினின்னு சொல்லியிருக்கேன்."

நாராயணம்மா மூச்சு வாங்க உட்கார்ந்தாள். ஆனந்தராஜ் இன்னும் நின்றுகொண்டேதான் இருந்தார். பிறகு குனிந்து, மெதுவாகச் செருப்பைக் கழற்றினார். படியேறி வந்து, தரையில் வைத்திருந்த சொம்பைத் தானே எடுத்து, அண்ணாந்து, மடமடவென்று கடைசிச் சொட்டுவரை குடித்தார். நெஞ்சிலெல்லாம் தண்ணீர் வழிந்தது.

மன்னிப்பு என்று அவர் எதுவும் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. அந்தச் சொம்பைக் காலி பண்ணியதே அவளுக்குப் போதுமாக இருந்தது. "தட்டு எடு தமிழு" என்றாள். களியும் பிதுக்கம்பருப்புக் குழம்பும் வைக்கிறவரைகூட யாரும் சும்மா இருக்கவில்லை. தமிழ்செல்வி ஆனந்தராஜின் போனைச் சார்ஜில் போட்டு, போன் மோசடிப் புகாருக்கான 1930-க்குக் கூப்பிட்டு, பணம் போன கதையை அவர் வாயாலேயே சொல்ல வைத்தாள். பாங்குக்கும் சொல்லியாயிற்று. வருமா வராதா என்று யாருக்கும் தெரியவில்லை. பஸ் வந்து, கழுத்தில் கம்பெனி அட்டையோடு, தூக்குவாளியை ஆட்டிக்கொண்டு உள்ளே வந்த யுவஸ்ரீ, "அப்பா! எப்போ வந்த? என்னா கொண்டாந்த?" என்றாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். எடுக்கவே இல்லை. அவளுக்கு ஒன்றும் விளங்காமல் எல்லோர் முகத்தையும் பார்த்தாள்.

கிளம்பும்போது கேட்டில் நின்று சொன்னார். "பொண்ணக் கூட்டிக்கினு வந்துடுன்னு வூட்ல சொல்லித்தான் அனுப்புனாங்க. அவ அம்மா காலைல இருந்து அழுதுக்கினு இருக்கா. ஸ்டேஷன்ல இருந்து மீட்டதும் துணிய எடுத்து வைக்கச் சொல்லலாம்னுதான் வந்தன்." யுவஸ்ரீயின் முகம் தொங்கிப்போனது. அவர் பார்க்காத மாதிரி கேட்டில் எழுதியிருந்த நம்பரைப் பார்த்தார். "போய்ப் பேசிட்டுக் கூப்புடறன்க்கா."

"பேசுங்க தம்பி. உங்க பொண்ணு, உங்க இஷ்டம்" என்றாள் நாராயணம்மா. அதற்குமேல் ஒரு வார்த்தை கெஞ்சவில்லை. கெஞ்சுகிற ஜாதகமில்லை அவளுக்கு.

அவர் தெருமுனை திரும்பியதும் திம்மராயனிடம், தோட்டத்துக் கொட்டகையில் மிச்சம் கிடந்த சிவப்பு பெயிண்டைக் கொண்டுவரச் சொன்னாள். "நம்பர அழிக்கப் போறியா?" என்றார் அவர். "அழிக்கறதா? நல்லா கேட்ட!" நம்பர் அப்படியே இருக்க, அதற்குக் கீழே அவள் சொல்லச் சொல்லத் தமிழ்செல்வி எழுதினாள். 'இந்த நம்பரிலிருந்து முழு ரிங் வந்தால் அது நாராயணம்மா இல்லை.' எழுத்து கொஞ்சம் கோணல். மாடியிலிருந்து பார்த்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதையே போட்டோ எடுத்து எல்லா வீட்டுக்கும் அனுப்பினார்கள். ஊத்தங்கரைக்கும் சேர்த்துத்தான். நாராயணம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தெருவில் இறங்கி நின்று படித்துப் பார்த்தாள். கஞ்சம் என்று இத்தனை வருஷம் கேலி பண்ணியது இப்போது கேட்டில் சிவப்பெழுத்தில் ஏறி நின்றது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் லேசாக நீர் கட்டியது. தெருவில் போன ஒருவர் நின்று படித்துவிட்டுப் போனார். படிக்கட்டும்.

விளக்கு வைத்த பிறகு கூடத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து மறுநாளைக்கு அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். யுவஸ்ரீ காயை உரிக்கிற வேகத்தைப் பார்த்தாலே மனசு தெரிந்தது. அந்தக் கம்பெனியில் போன மாசம்தான் லைன் லீடர் ஆகியிருந்தாள். ஊத்தங்கரை பஸ் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கும். போன் வரவில்லை. நாராயணம்மா காய்க் குவியலின்மேல் போனை வைத்து, உரிப்பதும் அதைப் பார்ப்பதுமாக இருந்தாள். மனிதன் காலையிலிருந்து பட்ட பாட்டுக்கு வழியில் மயக்கம் போட்டு எங்காவது விழுந்துவிட்டானோ என்று ஒரு நினைப்பு வந்தது. அது வந்துவிட்டால் அப்புறம் நிற்குமா?

சட்டென்று போனை எடுத்தாள். நம்பரை அமுக்கினாள். கண்ணுக்கு நேரே பிடிக்காமல் காதில் வைத்தாள். பெண்களெல்லாம் உரிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒரு ரிங் போனது. இரண்டாவது போனது. மூன்றாவதும் போனது. "ஆன்ட்டி!" என்றாள் தமிழ்செல்வி, பேய் கண்டவள் மாதிரி. நாராயணம்மா கட் பண்ணவில்லை. பண்ணவே இல்லை. அடித்து அடித்து அதுவாகவே நின்றது.

"எடுக்கலியே" என்றாள் யுவஸ்ரீ. "கோவம் போல, ஆன்ட்டி. என்னக் கூட்டிக்கினு போயிடுவாரு."

நாராயணம்மா போனைக் கையில் திருப்பிப் பார்த்தாள். பிறகு உதட்டோரம் மெல்ல விரிந்தது. பாதி ரிங்கில் பாய்ந்து எடுக்கிற மனிதன், கையிலேயே போனை வைத்துக்கொண்டு, முழு ரிங்கும் அடிக்க அடிக்க எடுக்காமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவளுக்கு இங்கிருந்தே தெரிந்தது.

"எடுக்க மாட்டாரு" என்றாள். "எடுத்தாத்தான் நா திட்டியிருப்பேன்."

போனைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டாள். அமுக்கினாள். ஒரு ரிங் முழுசாக. இரண்டாவதில் பாதி. டக். காய்க் குவியலின்மேல் போனை வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி ஒரு அவரைக்காயை எடுத்து நார் கிழித்தாள்.

அந்தக் காயை உரித்து முடிப்பதற்குள் போன் வெளிச்சம் அடித்தது. ஆனந்தராஜ். யுவஸ்ரீ பாய்ந்தாள். அவள் கையைத் தட்டிவிட்டாள் நாராயணம்மா.

"இரு. இன்னும் ரெண்டு அடி அடிக்கட்டும். அவரு காசுதான."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அதிர்ந்த அதிர்வில் பச்சை அவரைக்காய்களின்மேல் கொஞ்சம் கொஞ்சமாகச் சறுக்கி, யுவஸ்ரீ இருந்த பக்கமாக நகர்ந்தது.